பால்மரம் நின்ற மண்ணில் வீடு: கைமரத்தில் கரையான், கூரையையே மாற்றச் சொல்கிறார்கள்

லயத்துமகள் | திங்கள், இரவு 9:12

வணக்கம். மலேசியா, பேராக்கில் சுங்கை சிப்புட்டில் அம்மா இருக்கும் வீட்டைப் பற்றிக் கேட்கிறேன். ஒற்றை மாடித் தொடர்வீடு, மலிவு விலை வீடு. தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு வெளியே வந்தபோது அப்பா தம் சேமநிதிப் பணத்தில் வாங்கியது. எண்பதுகளில் கட்டினார்கள். அதற்கு முன் அந்தத் தாமான் (குடியிருப்பு) முழுக்கப் பால்மரக் (ரப்பர்) காடு. நானே சிறுவயதில் அங்கே விறகு பொறுக்கியிருக்கிறேன். அப்பா இப்போது இல்லை.

தீபாவளிக்குள் சமையலறை சீலிங்கை மாற்றிவிடலாம் என்று போன வாரம் பழைய பலகைகளைக் கழற்றினோம். மேலே பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. சுவரிலிருந்து கைமரம் வரை விரல் தடிமனில் மண் கோடு ஏறியிருக்கிறது. இரண்டு கைமரங்களில் ஸ்குருடிரைவரை வைத்து அழுத்தினால் ஊறிய பிஸ்கட்டில் போவது போல உள்ளே போகிறது. வெளியே பெயிண்ட் மட்டும் அப்படியே இருக்கிறது. அம்மா பயந்துபோய் மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டார்.

பார்க்க வந்த கொன்ட்ரெக்டர், வீட்டுக் கூரை முழுவதையும் பிரித்து இரும்பு டிரஸ் (கூரைச் சட்டம்) போட வேண்டும், 18,000 வெள்ளி (ரிங்கிட்) என்றார். ஏணியில்கூட ஏறிப் பார்க்கவில்லை, கீழே நின்றே சொன்னார். முன்பக்கம் பழைய நெளிவு சீட்டுக் கூரை, சமையலறைக்கு மட்டும் அப்பா பின்னால் போட்ட தகரம்.

முழுக் கூரையையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா? அம்மாவின் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டிய பணம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருந்துக்காரத்தம்பி | திங்கள், இரவு 10:40

அக்கா, நான் தைப்பிங்கில் பூச்சி ஒழிப்பு வேலை பார்க்கிறேன். முதலில் ஒன்று: மண்ணெண்ணெய் வேண்டாம், ஸ்பிரேயும் வேண்டாம். கண்ணில் படும் கரையான் மொத்தக் கூட்டத்தில் மிகச் சிறிய பங்குதான். மருந்து வாசனை பட்டால் அந்த வழியைக் கைவிட்டு வேறு சந்து வழியாக ஏறும். அப்புறம் எங்கே இருக்கிறது என்று நமக்கே தெரியாது.

அது எந்த வகை என்று பாருங்கள். மண் கோட்டில் ஒரு விரல் அகலம் மட்டும் உடையுங்கள். மஞ்சள் தலையோடு சிப்பாய்ப் பூச்சி ஓடி வரும். அதைக் குச்சியால் தொட்டால் தலையிலிருந்து பால் போல வெள்ளையாக ஒரு துளி கக்கினால் அது காப்டோடெர்மிஸ் இனம். நம் நாட்டு வீடுகளைத் தின்பதில் பெரும்பங்கு இந்த இனத்துக்கு, அதிலும் கெஸ்ட்ரோய் என்ற வகைக்கு. அதன் பங்காளி கர்விக்னாதஸ் உயிரோடு நிற்கும் பால்மரத்தையே தின்னும். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

மண் கோடே இல்லாமல் மரத்துக்குக் கீழே கசகசா போலக் குருணை கொட்டிக் கிடந்தால் அது காய்ந்த மரத்துக்குள்ளேயே வாழும் கரையான். மாவு போலத் தூள் கொட்டி, குண்டூசி ஓட்டைகள் இருந்தால் வண்டு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. மண் கோடு இருப்பதால் உங்களுடையது நிலத்திலிருந்து வருவதுதான் என்று நினைக்கிறேன்.

பால்மரம் வெட்டிய இடத்தில் வீடு கட்டும்போது புல்டோசர் மேலே தள்ளிவிட்டுப் போய்விடும். அடியில் வேரும் கட்டையும் கிடக்கும். கான்கிரீட் ஊற்ற அடித்த பலகைகளையும் பல இடங்களில் பிரிக்காமல் மூடிவிடுவார்கள். கரையானுக்கு அது வருடக்கணக்கில் சாப்பாடு. அது தீர்ந்தால் வீட்டுக்குள் ஏறும்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, சுவர் ஓரமாகத் தரையில் ஒன்று, ஒன்றரை அடிக்கு ஒரு துளை போட்டு மண்ணுக்குள் மருந்து செலுத்துவது. இன்னொன்று இரை வைப்பது. மண் கோட்டின் மேலேயே ஒரு சின்னப் பெட்டியை ஒட்டி, அதில் மரநார் மாவை நனைத்து வைப்போம். கரையான் உரிக்கும் தோலைப் புதிதாக வளர விடாத மருந்து அதில் கலந்திருக்கும். தின்ற பூச்சி உடனே சாகாது. ஒன்றுக்கொன்று வாயால் ஊட்டிக்கொள்ளும் பழக்கம் இருப்பதால் கூடு முழுக்கப் பரவும். தோல் உரிக்கும் நேரத்தில் சாகும். ஒன்று முதல் மூன்று மாதம் ஆகலாம். பொறுமை வேண்டும், ஆனால் கூடு அடியோடு போகும்.

கரையான் நடமாட்டம் இருக்கும்போதுதான் இரை வைக்க முடியும். அதனால் மீதிச் சீலிங்கை இப்போது பிரிக்காதீர்கள், கோட்டைக் கலைக்காதீர்கள். யாரைக் கூப்பிட்டாலும் 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள்.

லயத்துமகள் | செவ்வாய், காலை 7:05

தம்பி, பார்த்துவிட்டேன். பால் போலத்தான் கக்கியது. அம்மா, "நம்ம மரத்துப் பாலைக் குடிச்சு வளர்ந்ததாச்சே" என்றார். மண்ணெண்ணெய் ஊற்றிய இடத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் கழிவறைப் பக்கத்துச் சுவரில் புதிதாக ஒரு கோடு வந்திருக்கிறது. நீங்கள் சொன்னபடியே ஆகிவிட்டது.

உளிக்கூர் | செவ்வாய், காலை 11:30

மகளே, நான் நாற்பது வருடம் தச்சு வேலை செய்தவன். லயத்துப் பலகை வீடு, கோயில் கதவு, எல்லாம் செய்த கை. தம்பி சொன்னது சரி. ஆனால் ஒரு கேள்வியை விட்டுவிட்டார். கூரையில் எங்கே ஒழுகுகிறது?

இந்த வகைக் கரையானுக்கு ஈரம் இல்லாமல் பிழைப்பு இல்லை. கைமரம் நனைந்துகொண்டே இருந்தால் நிலத்துக்குக்கூட இறங்காமல் மேலேயே கூடு கட்டிக்கொள்ளும். நீ மருந்து வைத்துக் கீழ்க் கூட்டைக் கொன்றாலும் மேலே ஒன்று தப்பி நிற்கும். அதனால் முதலில் தண்ணீர், பிறகு கரையான், கடைசியில்தான் மரம். அந்தக் கொன்ட்ரெக்டர் கடைசியிலிருந்து தொடங்குகிறார்.

வீட்டோடு பின்னால் ஒட்டிய சமையலறை என்றால் ஒழுகுகிற இடம் பெரும்பாலும் தகரம் பழைய சுவரில் போய் முட்டுகிற மூலைதான். இப்படிச் சோதனை செய். மழை இல்லாத நாளில் ஒருவர் ஏணியில் நின்று தண்ணீர்க் குழாயைப் பிடிக்கட்டும். கீழிருந்து தொடங்கி ஒவ்வொரு பகுதியிலும் கால் மணி நேரம் ஊற்ற வேண்டும். உள்ளே ஒருவர் டார்ச்சோடு பார்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒன்றாக நனைந்து, எங்கே நுழைகிறது என்று தெரியாமல் போகும்.

அடுத்து மரம். சுத்தியலால் ஒவ்வொரு கைமரத்தையும் தட்டு. கணீர் என்றால் நல்ல மரம், பொத்தென்றால் உள்ளே வெற்று. கெட்டதைச் சாக்கட்டியால் குறித்து வை. இரண்டு கைமரத்துக்காகக் கூரையையே பிரிப்பார்களா? கெட்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, பக்கத்திலேயே அதே அளவில் புதுமரம் சேர்த்து, நல்ல மரத்துக்குள் இரண்டு மூன்று அடி தாண்டிப் போகும்படி போல்ட் போட்டு இறுக்கலாம். ஆணி போதாது.

மரம் வாங்கும்போது கெம்பாஸ் என்பார்கள். பலமான மரம்தான், ஆனால் மருந்து ஏற்றாத கெம்பாஸ் கரையானுக்கு விருந்து. மெராந்தியும் அப்படியே. பால்மரப் பலகையைக் கூரைப் பக்கமே கொண்டுபோகாதே. செங்கால் மரத்தின் வைரம் மருந்தில்லாமல் நிற்கும். அதிலும் ஓரத்து வெளிறு நிற்காது. பழைய தோட்டத்து பங்களா இடித்த செங்கால் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு.

தகரக்கூரை_ரவாங் | செவ்வாய், மாலை 6:20

ஐயா சொன்ன தண்ணீர்ச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள் தங்கச்சி. நான் ரவாங்கில் கூரை வேலை செய்கிறேன். பத்தில் எட்டு வீட்டில் அந்தச் சுவர் மூலைதான். சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே சிலிக்கோன் பூசிவிட்டுப் போயிருப்பார்கள். நம் வெயிலில் அது சில வருடத்தில் வறண்டு உரிந்துவிடும். சரியான வேலை என்றால் சுவரில் ஓர் அங்குல ஆழம் கோடு வெட்டி, ஃபிளாஷிங் தகட்டின் (சுவர் மூலையை மூடும் தகடு) மேல் விளிம்பை அதற்குள் மடித்துச் செருகி, அப்புறம் அடைக்க வேண்டும். தகடு சுவரில் ஆறு அங்குலமாவது ஏறி நிற்க வேண்டும். தண்ணீர் தகட்டின் மேல்தான் ஓட வேண்டும், அடைப்பை நம்பி நிற்கக் கூடாது.

ஸ்குருவையும் பாருங்கள். நெளிவுத் தகரத்தில் மேட்டில் போட வேண்டியதைப் பள்ளத்தில் போட்டிருந்தால் அத்தனையும் ஓட்டைதான், மழைத்தண்ணீர் பள்ளத்தில்தானே ஓடுகிறது. ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் ஸ்குருவோடு மாற்றுங்கள். மிஷினை வைத்து அளவு மீறி முறுக்கினால் புது வாஷரும் பிதுங்கிக் கிழியும்.

ஆனால் ஐயாவோடு ஓர் இடத்தில் நான் ஒத்துப்போகவில்லை. செங்கால் இன்றைக்கு விற்கிற விலையில் அம்மாவின் சேமிப்பு தாங்குமா? துத்தநாகம் பூசிய இரும்பு டிரஸைக் கரையான் தின்னாது. தண்ணீரைச் சரிசெய்த பிறகு, சமையலறைக்கு மட்டும் இரும்பு போட்டால் ஒரு கவலை விட்டது. முழு வீட்டுக்கும் வேண்டாம், அதில் ஐயா சொல்வதே சரி.

உளிக்கூர் | செவ்வாய், இரவு 8:55

தம்பி, இரும்பைக் கரையான் தின்னாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே டிரஸைப் பிடித்து ஏறிப் போய்ச் சீலிங் பலகையையும் கதவு நிலையையும் தின்னும். இரும்பு போட்டாயிற்று என்று மருந்து வைக்காமல் விட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கரையான் கவலை இரும்போடு விட்டுவிடாது.

இன்னொன்று எடை. கான்கிரீட் ஓடு ஒரு சதுர மீட்டருக்கு 45, 50 கிலோ வரும். தகரம் ஐந்து கிலோதான். லேசான கூரையை மரமோ இரும்போ தாங்கிவிடும். புயல்காற்று தூக்கினால் பிடித்து வைப்பதுதான் சிரமம். ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் அடிக்கிற காற்று எப்படி என்று சிப்புட்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரும்பு போட்டாலும் சரி, மரம் போட்டாலும் சரி, சுவர் உத்திரத்தோடு இரும்புப் பட்டை போட்டுக் கட்டச் சொல்.

தகரக்கூரை_ரவாங் | செவ்வாய், இரவு 9:30

பட்டை விஷயம் நூற்றுக்கு நூறு. டிரஸைச் சுவரில் சும்மா உட்கார வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

தகரத்துக்கு அடியில் வெள்ளிக் காகிதம் விரிக்க மறக்காதீர்கள். பளபளப்புப் பக்கம் கீழே பார்த்து, ஓர் அங்குலக் காற்று இடைவெளியோடு இருக்க வேண்டும். தகரத்தோடு ஒட்டிக் கிடந்தால் அதன் வேலை பாதி போய்விடும். மழைச் சத்தம் தொந்தரவு என்றால் இரண்டு அங்குலக் கல்கம்பளி சேர்க்கலாம். வயதான அம்மாவுக்குத் தூக்கம் முக்கியம்.

கிராணிவீட்டுப்பேரன் | புதன், காலை 8:15

எல்லோரும் சமையலறையையே பேசுகிறீர்கள். எனக்கு முன்பக்கக் கூரைதான் பயமாக இருக்கிறது. எண்பதுகளில் போட்ட சாம்பல் நிற நெளிவு சீட்டு என்றால் அஸ்பெஸ்டாஸ் கலந்ததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வுக்கூடத்தில்தான் தெரியும். தெரியும்வரை அஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உடையாமல் வெடிக்காமல் இருந்தால் அதைத் தொடாமல் விடுவதே நல்லது. அறுப்பது, துளை போடுவது, பாசி போக வேண்டும் என்று வேகமான தண்ணீர் மிஷினால் அடிப்பது, இவைதான் ஆபத்து. அந்த நார்த்தூசி நுரையீரலுக்குப் போனால் நோய் இருபது, நாற்பது வருடம் கழித்துக்கூட வரும். அதனால் புற்றுநோய் வரக்கூடும் என்பது உறுதியான விஷயம். என் தாத்தா காலத்து வீட்டில் உடைந்த சீட்டுகளைத்தான் கோழிக்கூண்டுக்குப் போட்டோம். நாங்கள் பிள்ளைகள் அதை நொறுக்கி விளையாடியிருக்கிறோம். இப்போது நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

எடுத்தே ஆக வேண்டும் என்றால் தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கலந்து நனைத்து, ஸ்குருவைக் கழற்றி முழு சீட்டாக இறக்க வேண்டும். மேலிருந்து வீசக் கூடாது. தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். அஸ்பெஸ்டாஸ் கழிவுக்கு 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறை இருக்கிறது, ரோட்டோரக் குப்பையில் போட முடியாது. அந்த வேலை தெரிந்தவர்களிடமே விடுங்கள்.

இன்னொன்று: யாரையும் அந்தக் கூரையில் நேராக ஏற விடாதீர்கள். பழைய சீட்டு கால் வைத்ததும் உடையும். ஆள் உள்ளே விழுவார்.

லயத்துமகள் | புதன், மதியம் 1:10

இதைப் பற்றி அந்தக் கொன்ட்ரெக்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பிரித்து லாரியில் போட்டுவிடுவோம்" என்றார். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. நன்றி அண்ணா, முன்பக்கத்தை இப்போதைக்குத் தொடப் போவதில்லை.

வயர்க்கட்டு | புதன், இரவு 10:05

அக்கா, சீலிங் திறந்திருக்கும்போதே வயரையும் பார்த்துவிடுங்கள். நனைந்த கைமரத்தில் முப்பது வருடத்துக்கும் மேலான வயர் ஓடுகிறது என்றால் எனக்குத் தூக்கம் வராது. உறை வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். சுடுநீர் ஹீட்டர் இருந்தால் அதற்குத் தனியாக 10 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பு இருக்க வேண்டும். வீட்டுக்குப் பொதுவாக இருக்கும் 100 மில்லி ஆம்பியர் ஈரக்கையோடு குளிப்பவரைக் காப்பாற்றாது.

அப்புறம், கைமரம் மாற்றும் வேலைக்குப் பெர்மிட் தேவையா என்று உங்கள் பகுதியைப் பார்க்கும் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தொடர்வீடு, நடுச்சுவர் இருவருக்கும் பொது. பக்கத்து வீட்டாரிடமும் சொல்லுங்கள், கரையானுக்கு வேலி தெரியாது.

லயத்துமகள் | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4:45

தாமதத்துக்கு மன்னியுங்கள். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

தண்ணீர்ச் சோதனையை நானும் என் தம்பியும் செய்தோம். தகரத்தின் கீழ்ப்பக்கம், நடு, ஸ்குரு எல்லாவற்றிலும் ஒன்றும் இல்லை. சுவர் மூலைக்கு வந்து ஏழு நிமிடம்கூட ஆகவில்லை, உள்ளே சுவர் வழியாக ஒழுக ஆரம்பித்தது. கெட்டுப்போன இரண்டு கைமரங்களுக்கும் நேர் மேலே. உளிக்கூர் ஐயா வீட்டைப் பார்க்காமலே சொன்ன இடம். ஃபிளாஷிங்கைச் சுவரில் வெட்டிச் செருகச் சொல்லிச் செய்தாயிற்று. 650 வெள்ளி ஆனது. அதன் பிறகு மூன்று பெருமழை வந்துவிட்டது, ஒரு சொட்டு இல்லை.

இரை வைத்த பெட்டிகள் மூன்று. கழிவறைச் சுவரில் ஒன்று, சமையலறையில் இரண்டு. லைசென்ஸ் உள்ள ஆட்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து மாவு நிரப்புகிறார்கள். முதல் முறை பெட்டி காலியாகிக் கிடந்தது. இந்த முறை பாதி மீந்திருக்கிறது. உள்ளே இருப்பவை வெளுத்து, மெதுவாக நகர்கின்றன. தொழிலாளி குறைந்து சிப்பாய்தான் அதிகம் தெரிகிறது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். முதலில் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்கினேன். அவர் வீட்டுக் கதவு நிலையிலும் இருந்திருக்கிறது, வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாராம். இப்போது அவரும் அதே ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறார்.

தட்டிப் பார்த்ததில் முழு வீட்டிலும் கெட்டது நான்கு கைமரம் மட்டும். நான்கும் சமையலறையில்தான்.

மருந்துக்காரத்தம்பி | ஞாயிறு, இரவு 7:20

நல்ல அறிகுறி அக்கா. தொழிலாளிகள் அடிக்கடி தோல் உரிப்பதால் அவைதான் முதலில் போகும். சிப்பாய்க்கு ஊட்டிவிட ஆள் இல்லாமல் போகும். இப்போது அவசரப்பட்டுப் பெட்டியை எடுக்கச் சொல்லாதீர்கள். இரண்டு முறை தொடர்ந்து ஒன்றும் இல்லை என்று பார்த்த பிறகுதான் மரவேலை. சமையலறைத் தரையில் எங்காவது டைல் தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்கிறதா பாருங்கள். கூடு அடியில் எங்கோ இருக்கிறது.

லயத்துமகள் | மேலும் ஏழு வாரம் கழித்து, சனி, காலை 10:30

தீபாவளி சீலிங் இல்லாமலே போனது. முறுக்கு சுடும்போது மேலே நான்கு கைமரத்தில் சாக்கட்டிக் குறி தெரிந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள், அம்மா எல்லோருக்கும் கரையான் கதை சொன்னார்.

தம்பி சொன்னபடி தரையைத் தட்டினோம். தொட்டி அருகில் நான்கு டைல் வெற்றுச் சத்தம். பெயர்த்தபோது அடியில் சிமெண்டு இரண்டு அங்குலம்கூட இல்லை. அதற்குக் கீழே ஒரு பால்மரக் கட்டை, என் தொடை தடிமன். உள்ளே தேன்கூடு போல அட்டை அட்டையாக இருந்தது, உயிரோடு ஒன்றும் இல்லை. இரை முடித்துவிட்டது. கட்டையை மூன்று துண்டாகத்தான் எடுக்க முடிந்தது. அம்மா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நிரை மரங்களில் அவரே பால் வெட்டியிருப்பாராம்.

குழியில் மண் போட்டு இறுக்கி, பிளாஸ்டிக் விரித்து, 1:2:4 கலவையில் (சிமெண்டு, மணல், கல்) நான்கு அங்குலம் கான்கிரீட் போட்டோம். ஏழு நாள் சாக்கு நனைத்து மூடி வைத்தோம்.

மரத்துக்குக் கடைசியில் இருவர் பேச்சையும் கேட்டேன். பக்கத்துத் தோட்டத்தில் பழைய கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டை இடித்த செங்கால் மூன்று துண்டு கிடைத்தது, நான்காவதற்கு மருந்து ஏற்றிய கெம்பாஸ். சுவரில் உட்காரும் இடத்தில் உளிக்கூர் ஐயா சொன்ன பட்டை. வயரும் மாற்றியாயிற்று. மருந்து, ஃபிளாஷிங், மரம், தரை, வயர் எல்லாம் சேர்த்து 5,200 வெள்ளி.

ஐயா, ஒரே ஒரு சந்தேகம். மருந்து ஏற்றிய மரத்தின் வெட்டுத் துண்டுகளை அம்மா விறகடுப்புக்கு எடுத்து வைத்திருக்கிறார். எரிக்கலாமா?

உளிக்கூர் | சனி, காலை 11:02

எரிக்கவே கூடாது மகளே. பச்சை சாயல் தெரிந்தால் அதில் செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஏற்றியிருக்க வாய்ப்பு உண்டு. புகையும் விஷம், சாம்பலும் விஷம். அடுப்புப் பக்கத்திலிருந்து இப்போதே எடுத்துவிடு. செங்கால் துண்டு மீந்திருந்தால் அதை எரிக்காமல் எனக்கு வைத்திரு. அடுத்த மாதம் ஈப்போவுக்கு வரும்போது வந்து வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு ஒரு மணை செய்து தருகிறேன்.